இன்ஜினுக்கு காத்து புடிச்சா எந்த கோயிலுக்கு போறது?

பட்டறை பதில்கள்: வாசகர் கேள்வி பகுதி

போன மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் ஆசிரியர் மூட்டையா கட்டி மன்னார்குடியில இருக்குற என் பட்டறைக்கு அனுப்பி வச்சாரு. பிரிச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஒரே வியாதி. டிராக்டர், மினி லாரி, ஆயில் இன்ஜின், விசைப்படகுன்னு வண்டிதான் வேற வேற, கதை ஒண்ணுதான், டீசல் லைன்ல காத்து புடிச்சுக்கிச்சு. மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி தொறக்குறது வழக்கம், அது கல்லணை தாண்டி நம்ம வாய்க்காலுக்கு வந்து சேர்றதுக்குள்ள ஆறு மாசமா கொட்டாயில தூங்குன மெஷினெல்லாம் வெளிய வரும், அப்ப இந்த வியாதியும் சேந்து வரும். அதனால இந்த தடவ மைலேஜ் கேள்வி, ஏசி கேள்வி எல்லாம் ஓரமா வச்சிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணே வணக்கம். நான் நீடாமங்கலம் பக்கம். குறுவைக்கு சேத்துழவு ஓட்டிக்கிட்டு இருந்தப்ப டீசல் தீந்து டிராக்டர் நடுவயல்ல நின்னுருச்சு. கேன்ல 20 லிட்டர் வாங்கியாந்து ஊத்தியும் ஸ்டார்ட் ஆகல, செல்ப் அடிச்சு அடிச்சு பேட்டரியும் படுத்துருச்சு. மெக்கானிக் வந்தாரு, 2 ஸ்பேனர எடுத்தாரு, 10 நிமிசத்துல ஓட விட்டுட்டு 500 ரூபா வாங்கிட்டு போயிட்டாரு. இத நானே செஞ்சுக்க முடியாதா?

பதில்: செய்யலாம் தம்பி, தாராளமா செய்யலாம். மொதல்ல அந்த 500 ரூபாய பேசி முடிச்சிருவோம், அவரு முழங்கால் சேத்துல எறங்கி வந்தாரு பாருங்க அதுக்கே 300 குடுக்கலாம், மிச்சம் 200தான் ஸ்பேனர் புடிச்சதுக்கு, நானா இருந்தா டீ காசும் சேத்து கேட்டிருப்பேன்.

டீசல் இன்ஜின்ல பிளக் கெடையாது, காத்த அமுக்கி சூடாக்கி அந்த சூட்டுல டீசல பொகை மாதிரி பீச்சுனா அதுவா பத்திக்கும். பீச்சணும்னா நாசில் தொறக்கணும், அதுக்குள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கு, நம்ம பழைய மாடல் டிராக்டர்ல சுமாரா 200 பார் பிரஷர் வந்தாதான் அது அசையும். உங்க பைக் டயர்ல இருக்கறது 2 பார் சொச்சம்தான், அத வச்சு கணக்கு பாத்துக்குங்க. இதுல வேடிக்கை என்னன்னா பம்பு ஒரு தடவைக்கு தள்ளுறது ஏறக்குறைய ஒரு சொட்டு டீசல்தான். டீசல் அமுங்காது, அதனால ஒரு சொட்டு தள்ளுனாலே பிரஷர் எகிறிடும், ஆனா அந்த பைப்புல காத்து உக்காந்திருந்துச்சுன்னா பம்பு தள்ளுறத பூரா அதுவே வாங்கி முழுங்கிரும். சைக்கிளுக்கு காத்தடிக்கிற பம்போட வாய வெரலால அடைச்சிட்டு கைப்புடிய அமுக்கிப் பாருங்க, கொஞ்ச தூரம் உள்ள போகும், விட்டா திரும்பி வரும், அதேதான் உள்ள நடக்குது, நாசில் தொறக்கவே தொறக்காது, நீங்க செல்ப் அடிச்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

டேங்குல ஊத்துனா முடிஞ்சுதுன்னு நெனைக்கிறோம், ஆனா டேங்குக்கும் நாசிலுக்கும் நடுவுல ரப்பர் பைப்பு, டேங்க்லேர்ந்து டீசல உறிஞ்சி தள்ளுற பீட் பம்பு, 2 பில்டர், அப்புறம் டீசல் பம்புன்னு ஒரு வாய்க்காலே ஓடுது, தீந்து நின்னப்ப அந்த வாய்க்கா பூரா காத்து ஏறிருச்சு, அத மேல்மடைலேர்ந்து கடைமடை வரைக்கும் வரிசையா தள்ளிட்டு வரணும். (டீசல் பம்புன்னா நம்ம ஆளுங்க மைக்கோ பம்புன்னு சொல்றாங்களே அது, அந்த கம்பெனி பேரு 2008லயே பாஷ்னு மாறிப்போச்சு, பட்டறையில மட்டும் இன்னும் மைக்கோதான்.)

மொதல்ல நியூட்ரல்ல போட்டு ஹேண்ட் பிரேக் போடுங்க. அப்புறம் ஒரு சுத்தமான துணிய எடுத்து பில்டர் தலை, பம்பு, நாசில் நட்டு எல்லாத்தையும் சேறு இல்லாம தொடைங்க, இந்த ஒரு வேலைய எவனும் செய்ய மாட்டேங்குறான், காத்து உள்ள போனா எடுத்துரலாம், மணல் உள்ள போச்சுன்னா பம்பும் நாசிலும் தேஞ்சு போயி பில்லு ஆயிரக்கணக்குல வரும். டேங்க் டேப் தொறந்திருக்கான்னு பாருங்க, சிரிக்காதீங்க, டேப்ப மூடி வச்சிட்டு என்ன கூப்புட்டு விட்ட ஆளெல்லாம் உண்டு.

பில்டர் தலையில சின்னதா ஒரு போல்ட்டு இருக்கும், ஏர் ஸ்குரூ. டேங்க்லேர்ந்து வர்ற டீசல் மொதல்ல எந்த பில்டருக்குள்ள நொழையுதோ அதுல ஆரம்பிக்கணும், மாத்தி செஞ்சா இங்க எடுத்த காத்துக்கு பதிலா அங்க இருக்குற காத்து வந்து உக்காந்துக்கும். ரெண்டு சுத்து லூசு பண்ணிட்டு பீட் பம்புல இருக்குற கைப்பம்ப அடிங்க. மொதல்ல ஒண்ணும் வராது, அப்புறம் வெறும் நுரை, அப்புறம் டீசல்ல காத்து முட்டை முட்டையா வரும், கடைசியா முட்டையே இல்லாம ஒரே சீரா வடியும், அது வடிஞ்சுக்கிட்டு இருக்கும்போதே டைட் பண்ணிரணும், அடிக்கிறத நிறுத்திட்டு சாவகாசமா டைட் பண்ணா கடைசியில கொஞ்சம் காத்த திரும்ப உள்ள இழுத்துக்கும். அடுத்து ரெண்டாவது பில்டர், அதுக்கப்புறம் டீசல் பம்புல இருக்குற ஏர் ஸ்குரூ, எல்லாம் இதே மாதிரிதான். கைப்பம்பு ரெண்டு விதமா இருக்கு, திருகி மேல தூக்கி அடிக்கிற மாதிரி இருந்தா வேலை முடிஞ்சதும் அமுக்கி திருகி பூட்டிருங்க, இல்லேன்னா அங்கயே காத்து வாங்கும். லிவர் மாதிரி இருக்கறது சில சமயம் எவ்வளவு அடிச்சாலும் தொள தொளன்னு ஆடும், பம்பு கெட்டுப்போச்சுன்னு முடிவு கட்டிறாதீங்க, உள்ள பம்ப தள்ளுற கேம் தூக்கிக்கிட்டு நிக்குது அவ்வளவுதான், செல்ப ஒரு தட்டு தட்டி இன்ஜின கொஞ்சம் சுத்தி விட்டுட்டு அடிங்க, புடிச்சுக்கும்.

கடைசியா நாசில். 3 சிலிண்டர் வண்டின்னா 3 நாசிலுக்கும் வர்ற பைப்பு நட்ட அரை சுத்து, முக்கா சுத்து லூசு பண்ணுங்க, கழட்ட வேணாம். இன்ஜின நிறுத்த இழுக்குற ஸ்டாப் நாப் உள்ள தள்ளியிருக்கணும், ஆக்சிலேட்டர முழுசா வச்சு ஒருத்தர சீட்டுல உக்காந்து செல்ப் அடிக்க சொல்லுங்க. நட்டு ஓரத்துல டீசல் சளக் சளக்குன்னு துப்ப ஆரம்பிச்சதும் ஒண்ணு ஒண்ணா டைட் பண்ணுங்க, ரெண்டாவது நட்டு இறுகும்போதே இன்ஜின் நொண்டி நொண்டி புடிக்கப் பாக்கும், மூணாவதும் இறுகுனா கொஞ்சம் வெள்ளப்பொகை விட்டுட்டு சீராயிரும், ஒடனே ஆக்சிலேட்டர குறைச்சிருங்க. மூஞ்சிய கிட்ட கொண்டுபோகாதீங்க, துப்புற எடத்துல வெரல வச்சு பாக்காதீங்க, வடியிற டீசல ஒரு டப்பாவுல புடிங்க, சைலன்சர் பக்கம் சொட்டாம துணி போட்டுக்குங்க, பீடிய அந்தாண்ட வச்சிட்டு வாங்க.

செல்ப் 10 செகண்டுக்கு மேல ஒரே மூச்சுல அடிக்காதீங்க, அரை நிமிசம் ஒரு நிமிசம் ஆற விட்டு அடிங்க. உங்க பேட்டரி படுத்ததுக்கு காத்து காரணமில்ல தம்பி, உங்க கட்டவெரல்தான் காரணம். இன்னொண்ணு, டீசல் தீந்து நிக்கிறது வெறும் காத்தோட போற விஷயமில்ல, டீசல்தான் அந்த பம்புக்குள்ள ஆயில் மாதிரி வேலை செய்யுது, அது இல்லாம காஞ்சு சுத்துனா தேயும், டேங்க் அடியில வருஷக்கணக்கா கெடந்த வண்டலும் கடைசி டீசலோட பில்டருக்கு வந்திருக்கும். பில்டர பாத்து மாத்திருங்க.

கேள்வி: கும்பகோணத்துல மளிகைக்கடை வச்சிருக்கேன். சரக்கு எடுக்க 2 வருஷம் முன்னாடி வாங்குன டீசல் பிக்கப் வண்டி, பில்டர நானே மாத்துனேன், இப்ப ஸ்டார்ட் ஆகல. பக்கத்து வீட்டு டிராக்டர் டிரைவர் நாசில் நட்ட லூசு பண்ணா சரியாயிரும்னு ஸ்பேனரோட நிக்கிறாரு, ஒடனே பதில் எழுதவும்.

பதில்: மாச பத்திரிகைக்கு எழுதி ஒடனே பதில் கேக்குறீங்க, இது அச்சாகி வர்ற வரைக்கும் அவரு ஸ்பேனரோட நிக்க மாட்டாருன்னு நம்புறேன். அண்ணே, தொடவே தொடாதீங்க. மேல டிராக்டருக்கு சொன்னது பூரா பழைய மாடல் பம்புக்கு. உங்க வண்டி காமன் ரெயில், அதாவது எல்லா நாசிலுக்கும் சேத்து ஒரே குழாய்ல ஹை பிரஷர்ல டீசல் நிக்கிற ரகம், அதுல லோடுல ஓடும்போது 1000 பாருக்கு மேல போகும், பல வண்டியில 1600ஐயும் தாண்டும், அந்த நட்ட லூசு பண்ணி செல்ப் அடிச்சா வர்றது டீசல் இல்ல, ஊசி. தோல கிழிச்சிட்டு உள்ள போயிரும், வெளியில பாத்தா முள்ளு குத்துன மாதிரி சின்ன புள்ளிதான் தெரியும், வலியும் மொதல்ல பெருசா இருக்காது, ஆனா உள்ள சதை அழுக ஆரம்பிச்சு வெரலயே எடுக்குற மாதிரி ஆயிரும். எவருக்காவது அப்படி பட்டுருச்சுன்னா மஞ்சள் வச்சு கட்டிக்கிட்டு ஒக்காராம அந்த நிமிசமே ஆபரேஷன் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு போயி, ஹை பிரஷர்ல டீசல் உள்ள போயிருக்குன்னு வாய் தொறந்து சொல்லணும்.

உங்க வண்டில காத்து எடுக்குறது இன்னும் சுலபம். பில்டர் பக்கத்துல ரப்பர் உருண்டை மாதிரி கைப்பம்பு இருந்தா அது கல்லு மாதிரி இறுகுற வரைக்கும் அமுக்குங்க. இல்லேன்னா டேங்குக்குள்ள கரண்ட் பம்பு இருக்கலாம், சாவிய ஆன்ல போட்டு சில செகண்ட் விட்டு ஆப் பண்ணுங்க, செல்ப் அடிக்க வேணாம், இப்படி ஒரு 5 தடவ செஞ்சிட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. பில்டர் நடு ஓட்டையில கேன் டீசல ஊத்தி மாட்டுற பழக்கம் இருந்தா விட்டுருங்க, பெரும்பாலான திருகு பில்டர்ல நடு ஓட்டை சலிச்ச டீசல் வெளிய போற வழி, அதுல ஊத்துனா சலிக்காத டீசல் நேரா பம்புக்கு போகும். இவ்வளவும் செஞ்சு எழும்பலேன்னா ஸ்கேனர் வச்சிருக்குற ஆள கூப்புடுங்க, மானம் போறதுக்கு இதுல ஒண்ணுமில்ல.

கேள்வி: ஒரத்தநாட்டுலேர்ந்து எழுதுறேன். வைக்கோல் கட்டு ஏத்துற பழைய மினி லாரி. தினமும் காலையில கைப்பம்பு அடிச்சாதான் எழும்புது, எழும்பிட்டா சாயங்காலம் வரைக்கும் ஒரு தொல்லையும் இல்ல. 3 தடவ காத்து எடுத்தாச்சு. ஒரு எடத்துலயும் டீசல் ஒழுகல. பம்ப எறக்கணும்னு பட்டறையில சொல்றாங்க.

பதில்: பம்ப எறக்காதீங்க. நானும் பட்டறைக்காரன்தான், சொல்றேன், எறக்காதீங்க.

நீங்க 3 தடவ காத்த எடுத்தீங்க, காத்து வர்ற ஓட்டைய எடுக்கல. ஒங்க வண்டில டேங்க் சேசிஸ் ஓரமா கீழ தொங்குது, பம்பு மேல இருக்கு, ராத்திரி நிக்கும்போது எங்கயோ ஒரு மயிரிழை சந்துல காத்து நொழையுது, நொழைஞ்ச ஒடனே லைன்ல நிக்கிற டீசல் கெணத்து கயிறு மாதிரி டேங்குக்கே எறங்கிப் போயிருது. டேங்குக்கும் பீட் பம்புக்கும் நடுவுல இருக்கறது உறிஞ்சுற பக்கம், ஓட்டை இருந்தா காத்து உள்ளதான் போகும், டீசல் வெளிய வராது, அதனாலதான் ஒழுகல ஒழுகலன்னு எல்லாரும் ஏமாறுறது. ஒழுகுற ஓட்டைய விட ஒழுகாத ஓட்டைதான் மோசம்.

கண்டுபுடிக்க 3 வழி. ஒண்ணு, ஒரு ராத்திரி வண்டிய மூஞ்சி கீழ பாக்குற மாதிரி சரிவுல நிறுத்திப் பாருங்க, டேங்க் மேல வந்திரும், காலையில ஒரே தட்டுல எழும்புச்சுன்னா டீசல் எறங்குறதுதான் நோய்னு உறுதி. நம்ம ஊரு தாம்பாளத் தட்டு மாதிரி, சரிவுக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க, ஆத்தங்கரை ஏத்தம் ஒண்ணுதான் கதி, டயருக்கு கட்டை குடுத்து நிறுத்துங்க. ரெண்டாவது, சின்ன கேன்ல டீசல் ஊத்தி இன்ஜினுக்கு மேல கட்டி தொங்கவிட்டு ஒரு டியூப்ப நேரா பீட் பம்புக்கு குடுங்க, ரெண்டு நாள் அப்படி ஓட்டி பிரச்சனை இல்லேன்னா குத்தம் டேங்க் பக்கம்தான். மூணாவது, பீட் பம்புக்கு முன்னாடி ஒரு சாண் கண்ணாடி மாதிரி உள்ள தெரியுற பிளாஸ்டிக் டியூப்ப சொருகிட்டு ஓட விட்டு பாத்தா முட்டை ஓடுறது கண்ணுக்கே தெரியும். பாத்ததும் கழட்டிருங்க, அந்த டியூப்பு டீசல்ல ஊறி கொஞ்ச நாள்ல வெறைச்சு வெடிச்சு அதுவே புது ஓட்டை ஆயிரும்.

பைப்ப பில்டர்லயும் பம்புலயும் மாட்டுற ஓட்டை போல்ட்டு, அதாவது பேஞ்சோ போல்ட்டு, அதுக்கு ரெண்டு பக்கமும் காப்பர் வாஷர் இருக்கு பாருங்க, பழசையே திரும்ப திரும்ப போடுறது நம்ம ஊரு வழக்கம், ஒரு தடவ நசுங்குன செம்பு வெறைச்சுப்போயி அடுத்த தடவ ஒக்காராது. புதுசு சில ரூபாதான். கெடைக்கலேன்னா பழைய வாஷர செவக்க காய்ச்சி தண்ணில போடுங்க, இளகிக்கும், தேச்சு மாட்டலாம். செம்பு விசித்திரம், இரும்பு மாதிரி இல்ல, அப்படி சட்டுனு ஆற வச்சாலும் இளகித்தான் போகும்.

நான் தொழில் கத்துக்கிட்ட புதுசுல இதே மாதிரி ஒரு வண்டி வந்துச்சு, பீட் பம்பு மாத்துனோம், நாசில் பாத்தோம், டேங்கயே எறக்கி கழுவுனோம், ஒரு வாரம். கடைசியில பாத்தா ரப்பர் பைப்ப சேசிஸ்ல புடிக்கிற கிளாம்புக்கு அடியில எலி கடிச்சிருக்கு, பல்லு பட்ட எடம் கடுகு அளவு கூட இல்ல. அறுப்பு முடிஞ்சா வயல் எலிக்கு போக்கிடம் வேணும், வைக்கோல் வண்டிய விட நல்ல வீடு எங்க கெடைக்கும். நீங்களும் மொதல்ல கிளாம்பெல்லாம் கழட்டி அடியில பாருங்க. எலி கடிச்சிருந்தா பைப்ப மாத்திட்டு ராத்திரி வண்டிக்கு அடியில நம்ம தஞ்சாவூர் கிட்டி, அந்த மூங்கில் எலிப்பொறி, ரெண்டு வைங்க, மருந்து வச்சு அது இன்ஜின் மேல போயி செத்தா நாத்தம் ஒரு மாசம் போகாது.

கேள்வி: தலைஞாயிறு பக்கம் கடைமடை. வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்காரு, 2 ஏக்கர் நான்தான் பாக்குறேன். வடிகால்லேர்ந்து ஆயில் இன்ஜின் வச்சு எறைக்கணும். டீசல் தீந்தாலோ பில்டர் மாத்துனாலோ ஒவ்வொரு தடவையும் ஆள தேடி ஓட வேண்டியிருக்கு. சில நாள் இன்ஜின் ஓடும், தண்ணி வராது. அதுவும் காத்துதான்னு சொல்றாங்க.

பதில்: தங்கச்சி, உங்க மெஷின்ல ரெண்டு காத்து இருக்கு, ஒண்ணு டீசல் பக்கம், ஒண்ணு தண்ணி பக்கம். ரெண்டையும் கொழப்பிக்காதீங்க.

டீசல் பக்கம் டிராக்டர விட சுலபம், டேங்க் தலைக்கு மேல இருக்கறதால டீசல் தானா எறங்கி வரும், கைப்பம்பு அடிக்கிற வேலை கெடையாது. டேப்ப தொறந்து பில்டர் மேல இருக்குற ஸ்குரூவ லூசு பண்ணுங்க, முட்டை நின்னு சீரா வந்ததும் டைட், அடுத்து பம்புல இருக்குற ஸ்குரூ, அதே மாதிரி. அப்புறம் நாசில் பைப்பு நட்ட லூசு பண்ணி, சுத்த லேசா இருக்க அமுக்கத்த வெளிய விடுற டீகம்பிரஷன் லிவர தூக்கி வச்சுக்கிட்டு கைப்புடிய மெதுவா சுத்துங்க, டீசல் துப்புனதும் நட்ட டைட் பண்ணிட்டு இன்னும் நாலு சுத்து சுத்துங்க, நாசில் கிர்ர் கிர்ர்னு சத்தம் குடுக்கும். அந்த சத்தம் கேட்டா காத்து போயிருச்சு, வேகமா சுத்தி லிவர விடுங்க, புடிச்சுக்கும். சத்தம் வரலேன்னா எவ்வளவு சுத்துனாலும் வீண், தோள்பட்டைதான் கழலும். கைப்புடிய புடிக்கும்போது கட்டவெரலயும் மத்த வெரல் பக்கமே வைங்க, சுத்தி வளைச்சு புடிக்காதீங்க, இன்ஜின் எதிர்த்து அடிச்சா கை முறிஞ்சிரும். முந்தானைய இழுத்து சொருகிக்குங்க, பெல்ட்டு பக்கம் நிக்காதீங்க.

தண்ணி பக்கம் வேற. பம்பு தண்ணிய இழுக்குறதில்ல, அது உள்ள வெற்றிடம் பண்ணுது, வெளியில இருக்குற காத்துதான் வடிகால் தண்ணிய அமுக்கி மேல தள்ளுது, கணக்குப்படி சுமார் 10 மீட்டர், நடைமுறையில 6, 7 மீட்டர்தான் ஏறும். உங்க வடிகால் அவ்வளவு ஆழம் இல்ல, அதனால குத்தம் சக்ஷன் ஓஸ்ல வெடிப்பு, பம்பு தண்டு பக்கம் ஒழுகாம அடைக்கிற கிளாண்டு தேஞ்சிருக்கு, இல்ல ஓஸ் அடி வாயில இருக்குற புட்வால்வுல குச்சியோ ஆகாயத்தாமரை வேரோ மாட்டி மூடாம நிக்குது. மேல தண்ணி ஊத்தி நெறச்சுப் பாருங்க, நெறைஞ்ச தண்ணி நிக்காம எறங்குனா புட்வால்வு. நின்னும் எறைக்கலேன்னா ஓஸ் வழியா காத்து வாங்குது, சாணிய கரைச்சு ஊத்துறது நம்ம பாட்டன் வழி, அன்னைக்கு வேலை ஓடும், நான் குத்தம் சொல்ல மாட்டேன், ஆனா ஓஸ் மாத்துற வரைக்கும் தெனம் சாணி கரைக்கணும். தண்ணி ஏறாம பம்ப சும்மா ஓட விடாதீங்க, கிளாண்டு பொசுங்கிரும்.

கேள்வி: நாகப்பட்டினம் விசைப்படகு டிரைவர். மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சு மொத நாள் கடலுக்கு போனா பாதி தூரத்துல இன்ஜின் அடங்கி அடங்கி நின்னுருது. கரையில ஓட்டிப் பாத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு.

பதில்: ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் கட்டி கெடந்த படகு மாமா, டேங்க் காலியா கெடந்திருந்தா உப்புக்காத்து ஈரம் உள்ள வேர்த்து அடியில தண்ணியா நின்னிருக்கும், துருவும் சேந்திருக்கும். கரையில படகு அசையல, அதனால அதெல்லாம் அடியிலயே கெடந்துச்சு. அலையில ஏறுனதும் கலங்கி பில்டர்ல போயி அடைச்சிருக்கும், இல்லேன்னா டீசல் கம்மியா இருந்து படகு சாயும்போது உறிஞ்சுற குழாய் வாய் வெளிய தெரிஞ்சு ஒரு வாய் காத்த குடிச்சிருக்கும். அடங்கி அடங்கி நிக்கிறது ரெண்டுக்கும் பொருந்தும். பில்டர் கிண்ணத்த தொறந்து ஒரு கண்ணாடி டம்ளர்ல புடிங்க, தண்ணி அடியில தனியா நிக்கும்.

அடுத்த வருஷம் கட்டி போடும்போதே டேங்க நெறச்சு போடுங்க, எறங்குறதுக்கு முந்துன நாள் அடித்தண்ணிய வடிச்சு, பில்டர் மாத்தி, காத்தெடுத்து, கட்டுன கயிறோடவே அரைமணி நேரம் லோடுல ஓட்டிப் பாருங்க. படகுல ஒரு பில்டர், ஒரு பிடி காப்பர் வாஷர், ஏர் ஸ்குரூவுக்கும் நாசில் நட்டுக்கும் சரியான ஸ்பேனர் ரெண்டு எப்பவும் இருக்கட்டும். நடுக்கடல்ல 500 ரூபாய்க்கு யாரும் வர மாட்டாங்க.

கேள்வி: பைக்ல பெட்ரோல் தீந்து ஊத்துனா இதே மாதிரி காத்தெடுக்கணுமா? (திருவாரூர் கல்லூரி மாணவர்)

பதில்: வேணாம். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (பொகை கட்டுப்பாட்டு விதி) வண்டின்னா பெரும்பாலும் இன்ஜெக்ஷன்தான், சாவிய ஆன் பண்ணி டேங்குல உய்ங்னு வர்ற சத்தம் அடங்குன ஒடனே ஆப், திரும்ப ஆன், ஒரு 3 தடவ, எழும்பிரும். கார்புரேட்டர் வண்டின்னா டேப்ப தொறந்து ஒரு நிமிசம் பொறுங்க.

கேள்வி: அய்யா, நாங்க திருவையாறு பக்கம். எங்க டிராக்டர் நெல்லு மூட்டை ஏத்திட்டு குடமுருட்டி ஆத்தங்கரை ஏத்தத்துல ஏறும்போது, முனீஸ்வரன் கோயில் கிட்ட சரியா நின்னுருது. இது 4வது தடவ. ஒவ்வொரு தடவையும் காத்தெடுத்தாதான் ஓடுது. எங்க அப்பா காத்து கருப்புன்னு சொல்லி எலுமிச்சம்பழம் சுத்தி போட்டாச்சு. நீங்க என்ன சொல்றீங்க?

பதில்: உங்க அப்பா பாதி சரியாத்தான் சொல்லியிருக்காரு, காத்துதான், கருப்பு இல்ல. 4 தடவையும் டேங்குல எவ்வளவு டீசல் இருந்துச்சுன்னு எழுதாம விட்டுட்டீங்க, நானே சொல்றேன், கால் டேங்குக்கு கீழ. ஏத்தத்துல மூக்கு தூக்குனா டீசல் பூரா டேங்கோட பின்பக்கம் ஓடிரும், எறங்குற குழாய் முன்பக்கமா இருந்தா அது வாய தொறந்துக்கிட்டு நிக்கும், அதுலயும் லோடு ஏத்தியிருக்கீங்க, இன்ஜின் முழு தாகத்துல இருக்கு, காத்த குடிச்சிட்டு நின்னுரும். கோயில் ஏத்தத்தோட உச்சியில இருக்குன்னு நெனைக்கிறேன், அடியில இருந்திருந்தா முனி உங்கள விட்டிருப்பாரு.

டேங்க் மூடிய பத்தியும் ஒரு வார்த்தை. அடுத்த தடவ நின்னா ஸ்பேனர தொடுறதுக்கு முன்னாடி மூடிய திருகிப் பாருங்க, புஸ்ஸுன்னு காத்து உள்ள இழுக்குற சத்தம் கேட்டுச்சுன்னா மூடியில இருக்குற சின்ன ஓட்டை நெல்லுத் தூசியில அடைச்சிருக்கு, டீசல் எறங்க எறங்க அந்த எடத்துக்கு காத்து வர வழி இல்லாம டேங்கே டீசல புடிச்சு வச்சுக்கும். குச்சிய விட்டு குத்தாதீங்க, டீசல்ல கழுவி ஊதி விடுங்க.

முனிக்கு கற்பூரம் ஏத்துறத நிறுத்த வேணாம், ஆத்தங்கரையில காவலுக்கு நிக்கிற சாமி. அரை டேங்குக்கு மேல ஊத்தி, மூடிய கழுவிட்டு, அதே லோடோட ஏறிப் பாத்துட்டு அடுத்த மாசம் எழுதுங்க. அப்பவும் அதே எடத்துல நின்னுச்சுன்னா நானே எலுமிச்சம்பழம் வாங்கிக்கிட்டு வர்றேன்.